ஒற்றைப் பேருந்தின் பெருக்கம்

தானாகக் காசு பெருகும் கிளிக்கர் கணினி விளையாட்டில் முன்னேற முதன்மையான வழி, ஈட்டியதை மேலும் ஈட்டித்தரும் கருவியில் போடுவது. கொங்கு நாடு இதைக் கணினிக்கு முன்பே கண்டது. 1920இல் கோவைத் தொழில்முனைவர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஓட்டியது ஒரே பேருந்து. அது பல வண்டிகளாகி, யு.எம்.எஸ். பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரும் செய்தார்.

முதல் பேருந்து வாங்கக் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் தந்த கடன் உதவியும், 1930களில் வந்த பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரமும்தானே இந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று கேட்கலாம். இரண்டும் பெரிய துணைகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் கடன் முதல் வண்டியைத்தான் தரும். மின்சாரமோ ஊருக்கே பொது. வண்டி ஓட்டத்தோடு நிற்காமல் தொழில்நுட்பத்தில் முதலிட்டதே அவரை உயர்த்தியது. கோவையை வளர்த்ததும், இப்படி லாபத்தை மீண்டும் தொழிலிலேயே போட்ட பொறுமைதான்.