நார் பிரித்த கதை

நாரைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் வடித்துக் காயவைத்தால் காகிதம். கி.பி. 105-இல் சீன அரசவை அதிகாரி சாய் லுன் பேரரசரிடம் அறிவித்த முறை இதுதான். முசுக்கட்டை மரப்பட்டை, கந்தல், கிழிந்த மீன்வலை என்று கிடைத்ததையெல்லாம் இடித்துக் கூழாக்கினார்கள். அன்று தொடங்கி இன்றுவரை தாள் உருவாகும் விதம் அதிகம் மாறவில்லை. மூளையைக் கசக்க வைத்தது வேறு வேலை: நாரோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்றவற்றைக் கழற்றி எடுப்பது. கந்தலில் அது பித்தான், பழைய தாளில் மை, மூங்கிலில் கணு, கரும்புச் சக்கையில் நெட்டி.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காகிதத்துக்கு மூலப்பொருள் கந்தல் துணி. ஆலையின் முதல் அறை கந்தல் பிரிக்கும் அறை. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் கம்பிவலை பரப்பிய மேசை ஒன்று. அதில் அரிவாள்மணை போல ஒரு கத்தி நட்டுக்குத்தாக நிற்கும். துணியை அதன்மீது இழுத்து அறுத்து, தையலைப் பிரித்து, பித்தானையும் கொக்கியையும் களைந்து, லினன் தனி, பருத்தி தனி, வெள்ளை தனி, சாயம் தனி என்று பெட்டிகளில் போடுவார்கள். தூசி வலைவழியே கீழே விழும். விழாத தூசி நுரையீரலுக்குப் போகும். யார் உடுத்தி, எந்த நோயில் கழற்றிப் போட்ட துணி என்று கேட்க வழியில்லாததால் அம்மை போன்ற தொற்றுகளும் அந்த அறைக்குள் வந்தன. தாளின் வெண்மை இந்தப் பெண்களின் கண்ணில்தான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் உருவான ஹாலந்தர் இயந்திரம் கந்தலை அரைப்பதை விரைவாக்கியது. பிரிக்கும் வேலைக்கு அது உதவவில்லை.

கந்தல் எப்போதும் பற்றாக்குறை. இங்கிலாந்தில் 1660களில் இறந்தவர்களைக் கம்பளியில்தான் புதைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கம்பளி வணிகத்தைக் காப்பதே நோக்கம் என்றாலும், லினன் மண்ணுக்குள் போகாததில் காகித ஆலைகளுக்கும் லாபம். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், குளவி மரத்தைச் சுரண்டி மென்று தாள் போன்ற கூட்டைக் கட்டுவதை 1719-இல் சுட்டிக்காட்டினார். ரேகன்ஸ்பர்க் நகரத்துப் பாதிரியார் ஷேஃபர் 1765 முதல் வைக்கோல், உருளைக்கிழங்கு, குளவிக்கூடு என்று கைக்கு அகப்பட்டதிலெல்லாம் தாள் செய்து, மாதிரிகளோடு நூல் வெளியிட்டார். ஆலைக்காரர்கள் அதை வேடிக்கைதான் பார்த்தார்கள்.

அச்சான தாளையே மீண்டும் கூழாக்கலாமே என்ற யோசனைக்கு மை குறுக்கே நின்றது. அன்றைய எழுதும் மை இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்தது, வேதிப்பொருளால் வெளுக்கும். அச்சு மை அப்படியல்ல. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த புகைக்கரி அது. கரியை எந்த வெளுப்பானும் வெளுக்காது, பிடித்திருக்கும் எண்ணெயை விடுவித்தால்தான் கழன்று வரும். 1774-இல் கோட்டிங்கன் நகரத்துச் சட்ட அறிஞர் யூஸ்டுஸ் கிளாப்ரோத் களிமண் வகையொன்றைக் கொண்டு மையைக் கழுவி எடுக்கும் முறையை விளக்கும் சிறு நூலை வெளியிட்டார். நூலும் அப்படிச் செய்த தாளிலேயே அச்சானது.

இதைத் தொழிலாக்கத் துணிந்தவர் லண்டனில் இருந்த மத்தியாஸ் கூப்ஸ். 1800 ஏப்ரலில் பழைய தாளிலிருந்து மை நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்: சூடான நீரில் தாளைக் கலக்கி, காரத்தில் ஊறவைத்து எண்ணெயை விடுவித்து, பிறகு குளோரினால் வெளுப்பது. அதே ஆண்டு வைக்கோல், புல், முட்செடி, மரம் ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்யவும் உரிமை பெற்றார். இன்று இரண்டு தனித் தொழில்களாக நிற்கும் பழைய தாளும் செடிநாரும் ஒரே மனிதரின் மேசையில் ஒரே ஆண்டில் இருந்தன. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் காணிக்கையாக்கிய அவரது நூல் மஞ்சள் சாயல் கொண்ட வைக்கோல் தாளில் அச்சானது. 1801-இல் வந்த மறுபதிப்பு, பழைய தாளிலிருந்து செய்த தாளில். பெர்மாண்ட்சியில் பழைய தாள் ஆலை, வெஸ்ட்மின்ஸ்டரில் பெரிய வைக்கோல் ஆலை. ஆனால் கூப்ஸுக்கு இருந்த துணிச்சல் அளவுக்கு முதல் இல்லை. சில ஆண்டுகளிலேயே ஆலை கடனில் மூழ்கியது. வேதியியலில் அவர் பிழை செய்யவில்லை. கந்தலை வெல்லும் விலைக்குத்தான் அவரால் தாளைக் கொண்டுவர முடியவில்லை.

மரக்கூழ் அந்த விலையைக் கொண்டுவந்தது. 1840களில் ஜெர்மனியின் கெல்லரும் கனடாவின் ஃபெனர்ட்டியும் தனித்தனியே மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார்கள். பிறகு சோடா, சல்ஃபைட், கிராஃப்ட் என்று வேகவைக்கும் முறைகள் வந்து, நாரைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் கரைத்து வெளியேற்றின.

காடு குறைந்த நாடுகளுக்கு வேறு செடி தேவைப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே எய்ன்ஷாம் ஆலையில் தாமஸ் ரவுட்லெட்ஜ் 1850களின் இறுதியில் ஸ்பெயின் நாட்டு எஸ்பார்ட்டோ புல்லிலிருந்து தாள் செய்தார். அங்கும் கம்பிவலை மேசைமுன் நின்று வேரையும் களையையும் பொறுக்கியவர்கள் பெண்கள். அவரே 1875-இல் மூங்கிலைப் பற்றி எழுதிய சிறு நூலை மூங்கில் தாளிலேயே அச்சிட்டார். மூங்கிலில் சிக்கல் கணுதான். தண்டு வெந்து குழைந்தாலும் கணு கல்லாக நிற்கும்; அதனால் கணுவை வெட்டி எறியச் சொன்னார்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வில்லியம் ரெய்ட், மூங்கிலை முதலிலேயே நசுக்கிவிட்டால் அவிக்கும் மருந்து கணுவுக்குள்ளும் சீராக இறங்கும் என்று காட்டினார். மாவுப்பொருளை முதலிலும் லிக்னினைப் பிறகும் எடுக்கும் படிமுறை அவித்தலையும் அவர் வகுத்தார். 1925-இல் இந்திய அரசு மூங்கில் காகிதத் தொழிலுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. இலங்கையில் 1950களின் நடுவில் மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில் எழுந்த ஆலை நெல் வைக்கோலை நம்பியது. வைக்கோலில் மணற்சத்து மிகுதி. அவித்த நீரைக் காய்ச்சி மருந்தை மீட்கும்போது அது குழாய்களில் படிந்து அடைக்கும் என்பது வைக்கோல் ஆலைகளுக்கெல்லாம் பொதுவான தலைவலி.

கரும்புச் சக்கையின் தலைவலி நெட்டி. கரும்பைக் கடித்துத் துப்பிய சக்கையை விரலால் பிரித்தால் நீள நாரும், நடுவில் பஞ்சு போன்ற துகளும் தெரியும். சக்கையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த நெட்டிதான். இது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். தாளாக வடியும்போது நீரை விடாது. காய்ந்தபின் புள்ளியாகத் தெரியும். எனவே ஓட்டை போட்ட உருளைக்குள் சுழலும் சுத்தியல்களால் சக்கையை அடித்து, நெட்டியை ஓட்டைவழியே வெளியேற்றி, நாரை மட்டும் கீழே எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. இன்னொரு சிக்கல் பருவம். கரும்பு அரைப்பது சில மாதங்களே. காகித ஆலையோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும். குவித்து வைத்தால் எஞ்சிய சர்க்கரை புளித்துச் சூடேறி நார் கெடும். தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் என்பவர் உருவாக்கிய முறையில் சக்கையைத் தண்ணீரோடு ஓடவிட்டுக் காங்கிரீட் தளத்தில் ஈரமாகவே மலைபோல் சேர்த்தார்கள். ஈரக் குவியலுக்குள் காற்று புகாததால் நார் தங்கியது.

1979-இல் நிறுவப்பட்டு 1984-இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இந்த அனுபவங்களின் மேல் எழுந்தது. கரூர் மாவட்டம் புகளூரை ஒட்டி, உலக வங்கிக் கடனுதவியோடு, ஆண்டுக்கு 90,000 டன் கொள்ளளவில் தொடங்கியது. ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவந்தவை. அதை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் மாற்று வேண்டும். எனவே சக்கைக்கு ஈடாக எரிபொருளும் நீராவியும் தரும் ஏற்பாடு வந்தது. இயந்திரத்துக்கு இணையான கண்டுபிடிப்பு இந்தப் பண்டமாற்று என்றே சொல்லலாம்.

பழைய தாளுக்கான இயந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் கூப்ஸை எட்டின. 1930களின் இறுதியில் ஒஹையோவில் உருவான ஹைட்ராபல்பர் மிகப் பெரிய மிக்சி போன்றது: தொட்டி, அடியில் சுழலும் தட்டு. பழைய தாள்கட்டைப் பிரிக்காமலே போடலாம். தொட்டிக்குள் ஒரு கயிற்றைத் தொங்கவிடுவார்கள். சுழலில் கட்டுக்கம்பி, சணல், பிளாஸ்டிக் எல்லாம் அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டு யானை வால்போலத் தடிக்கும். மெல்ல மெல்ல விஞ்சால் இழுத்து வெட்டி எறிவார்கள். குப்பையைக் கொண்டே குப்பையைப் பிடிக்கும் இந்த உத்தி இன்றும் நடப்பில் உள்ளது. பின்னும் மணலும் சுழற்கூம்புகளில் கனத்தால் கீழே இறங்கிவிடும். மைக்கு வழி சுரங்கத்திலிருந்து வந்தது. தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் முறையை 1950களில் ஆலைகள் கூழுக்குக் கொண்டுவந்தன. சோப்புக் கலந்த கூழில் காற்றை ஊதினால் மைத்துகள் குமிழியில் ஒட்டி மேலே வரும். சாம்பல் நுரையை வழித்துவிடலாம். நீரில் கரையும் மைக்கு மட்டும் இது பலிப்பதில்லை. துகள் மிகச் சிறிது என்பதால் குமிழியில் ஒட்டாமல் நழுவும்.

தொட்டிக்கு முன் நடக்கும் தரம்பிரிப்பு நெடுங்காலம் கைவேலையாகவே நின்றது. தமிழ்நாட்டுப் பழைய பேப்பர் கடையில் நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்துப் பின்னைப் பிடுங்கி வெள்ளைத்தாளைத் தனியே அடுக்குவது அந்தக் கந்தல் அறையின் தொடர்ச்சிதான். செய்தித்தாளைவிட வெள்ளைக்கு விலை கூடுதல். மேல்நாட்டுக் கூடங்களில் முதலில் உருளும் தட்டுகள் வந்தன. விறைப்பான அட்டை அவற்றின்மேல் நடந்து போகும், சிறு தாள் இடையில் விழும். நெதர்லாந்தில் ஆணி வரிசையால் அட்டையை மட்டும் குத்தித் தூக்கும் இயந்திரம் உருவானது. வளையும் செய்தித்தாள் ஆணிக்குப் பிடிபடாது. பிறகு அகச்சிவப்புக் கதிர். பெல்ட்டில் ஓடும் ஒவ்வொரு துண்டும் எந்த அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்து, வேண்டாததைக் காற்றுக் குழாய் ஊதித் தள்ளும். கருப்பு மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. புகைக்கரி கதிரை விழுங்கிவிடும். அதனால் பெல்ட்டின் கடைசியில் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் நார் சற்றுக் குட்டையாகும். ஐந்தாறு முறைக்குப் பிறகு தாளில் நிற்காமல் கழிவுநீரோடு போய்விடும். காகிதபுரம் ஆலை பின்னாளில் மைநீக்கப் பிரிவும் அமைத்தது. அங்கே பழைய தாளின் கூழோடு சக்கைக் கூழும் மரக்கூழும் கலந்து தாளாகின்றன.