மின்சாரம் கமகம் பாடுமா?

உத்திரமேரூர் என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த குடவோலை முறைதான் உங்கள் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. ஆனால் நாம் இங்கே பேசப்போவது தேர்தலைப் பற்றியன்று. ஒரு முரசைப் பற்றி.

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றுக்கு மாலை வேளையில் போய்ப் பாருங்கள். தீபாராதனை நேரம் வந்ததும் அர்ச்சகர் சுவரிலிருக்கும் சுவிட்சைத் தட்டுவார். உடனே ஒரு மூலையில் இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருக்கும் முரசும், மணியும், தாளமும் ஒருங்கே முழங்கத் தொடங்கும். ஒரு சிறு மோட்டார் சுழல்கிறது. அதனோடு இணைந்த நெம்புகோல்கள் ஏறி இறங்குகின்றன. கோல்கள் தோலின் மீது விழுகின்றன. மேளக்காரர் இல்லாத ஊர்களில் இது பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சற்று நேரம் உற்றுக் கேளுங்கள். கூட்டம் நிறைந்திருந்தாலும் ஒரே தாளம், ஒருவருமே இல்லாவிட்டாலும் அதே தாளம். கற்பூரம் அணைந்தாலும் அதற்குத் தெரியாது. அந்த இயந்திரத்துக்குக் கை உண்டு, காது இல்லை.

இதே காஞ்சிபுரத்தில்தான் நயினாப் பிள்ளை (1889-1934) வாழ்ந்தார். அவருடைய கச்சேரி மேடையை ‘ஃபுல் பெஞ்ச்’ என்று அக்காலத்து ரசிகர்கள் நீதிமன்றப் பாணியில் அழைத்தார்கள். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று தாள வாத்தியக்காரர்கள் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பாடகர் எந்த இடத்தில் எடுத்தாலும் அத்தனை பேரும் சேர்ந்து வந்து விழவேண்டும். அத்தனை பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசித்தால்தான் அது நடக்கும்.

கேட்கத் தெரியாத இயந்திரமும், கேட்டு வாசிக்கும் மனிதனும் ஒரே மேடையில் உட்கார முடியுமா? கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் இசைக்கலைஞர்களும் மின்னணுப் பொறியாளர்களும் இந்தக் கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார்கள். 1990-களில் ஐரோப்பாவில் ‘நியூ-ஜாஸ்’ என்று ஒரு வகை இசை எழுந்தது. நார்வே நாட்டுப் பியானோக் கலைஞர் புக்கே வெசெல்டாஃப்ட், பெர்லின் நகரத்து ஜாஸனோவா குழுவினர் போன்றோர் ஜாஸ் இசையின் ஊதுகருவிகளையும் பியானோவையும் கணினித் தாளங்களோடு கலந்தார்கள். அது புதுமை என்று போற்றப்பட்டது, நியாயந்தான். ஆனால் நம் நாட்டில் அந்தக் கலவைக்கான முதல் அடுப்பு அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே மூட்டப்பட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1969-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அகமதாபாத் நகரிலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கருவி வந்திறங்கியது. தொலைபேசி நிலையத்தின் இணைப்புப் பலகையைப் போல, துளைகளும் திருகுகளும் கம்பிகளுமாக இருந்த அந்தப் பெட்டிக்கு ‘மூக் சிந்தசைசர்’ என்று பெயர். ராபர்ட் மூக் என்ற பொறியாளர் 1964-இல் உருவாக்கிய கருவி அது. அதனோடு வந்தவர் டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர்.

இந்தக் கருவி அகமதாபாத்துக்கு வந்த கதையே சுவையானது. விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாயை நீங்கள் அறிவீர்கள். அவருடைய சகோதரி கீதா சாராபாய், பக்காவஜ் என்னும் மத்தளம் வாசித்தவர். அந்நாளில் பெண்கள் தொடாத கருவி அது. அவர் 1946-இல் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: கேஜ் அவருக்கு மேலைநாட்டு இசையைக் கற்பிப்பது, அவர் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பிப்பது. மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்று கீதா சொன்ன விளக்கம் கேஜின் சிந்தனையையே திருப்பிவிட்டது. பின்னர் 1952-இல், ஒரு சுரம்கூட வாசிக்கப்படாத தமது புகழ்பெற்ற ‘மௌன’ இசையை அவர் அமைத்தார். அதை மேடையில் முதன்முதலாக ‘வாசித்தவர்’ யார் தெரியுமா? இதே டேவிட் டியூடர்தான்!

இனி அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஆண்குரலில் ஒரு கட்டைச் சுருதி என்றால், ஆதார ஷட்ஜத்தின் அதிர்வெண் நொடிக்கு ஏறக்குறைய 131. மேல் ஷட்ஜம் அதன் இரட்டிப்பு, 262. இடையிலுள்ள 12 சுரத்தானங்களில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதலான அதிர்வெண் உடையது. மூக் தம் கருவிக்கு ஓர் எளிய விதி வகுத்தார்: மின்னழுத்தம் 1 வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். அப்படியானால் ஒரு சுரத்தானத்துக்கு ஒரு வோல்ட்டில் 12-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.083 வோல்ட். அலைவியற்றி என்னும் மின்சுற்று இந்த மின்னழுத்தத்துக்கேற்ற வேகத்தில் அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. வடிப்பான் என்னும் அடுத்த சுற்று அந்த ஒலியிலிருந்து வேண்டாத மேலதிர்வுகளை நீக்கி அதன் குணத்தை மாற்றுகிறது. பெருக்கி ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. இந்த மூன்றையுமே மின்னழுத்தத்தால் ஆளலாம் என்பதுதான் மூக்கின் சிறப்பு.

இப்போது தோடி ராகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சாதாரண காந்தாரத்தை யாரும் ஆணியடித்தாற்போல் நிறுத்திப் பாடுவதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டால் சுரம் இருக்கும், தோடி போய்விடும். ஆர்மோனியக் கட்டைகளில் இது வராது என்பதால்தான் அந்தப் பெட்டியின் மீது நம் வித்துவான்களுக்கு நெடுங்காலம் கோபம். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே தடைசெய்துவிட்டது. அத்தடை பல்லாண்டு நீடித்தது.

ஆனால் மூக் சிந்தசைசருக்கு இந்தக் குறை கிடையாது என்பதைக் கவனியுங்கள். மின்னழுத்தம் படிப்படியாகத்தான் ஏறவேண்டும் என்று கட்டாயமில்லை. 0.08 வோல்ட்டுக்கும் 0.42 வோல்ட்டுக்கும் இடையே அதை வளைவாக ஏற்றி இறக்கினால், ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஒலி அசைகிறது. ஆகவே கமகம் என்பது மின்பொறியாளரின் தாளில் ஒரு வளைகோடு! விரலால் தேய்த்து ஒலியை வழுக்கச் செய்யும் ஒரு நீண்ட பட்டையும் மூக் கருவிகளுக்கு உண்டு. வீணைத் தந்தியை இழுக்கும் விரலுக்கு அது தூரத்து உறவு எனலாம்.

அகமதாபாத்தில் கீதா சாராபாயுடன் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்தக் கருவியில் சோதனைகள் செய்து ஒலிநாடாக்களில் பதிந்தார்கள். 1972 வரையிலான பதிவுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு அந்த ஒலிக்கூடம் மறக்கப்பட்டது. நாடாச் சுருள்கள் நிறுவனத்தின் அலமாரியில் பல பத்தாண்டுகள் உறங்கின. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மீது பூசிய இரும்பு ஆக்சைடுத் தூள்தான். ஈரமும் வெப்பமும் பட்டால் பசை இளகித் தூள் உதிர்ந்துவிடும், அதோடு இசையும் உதிர்ந்துவிடும். நல்ல காலமாக, பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2020-இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றின் வழியே உலகம் அவற்றைக் கேட்டது. 2023-இல் அவை இசைத்தட்டாகவும் வெளிவந்தன. நம் வீட்டு அலமாரியில் இருப்பதை அடுத்த வீட்டார் வந்து எடுத்துக் காட்டவேண்டியிருக்கிறது என்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

அந்த ஒலிக்கூடத்துக்கு வாரிசு இல்லாமல் போனாலும் மின்னணுவியல் வேறு வாசல்கள் வழியாக நம் இசைக்குள் நுழைந்தது. பெங்களூர்ப் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று கர்நாடக சங்கீத மேடைகளில் அத்தகைய பெட்டி இல்லாத மேடை அரிது. ஆந்திரத்தில் பிறந்த சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினோடு சென்னை மேடைக்கு வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். சாதாரண மாண்டலினில் தந்தியை மீட்டியதும் ஒலி சட்டென்று தேய்ந்துவிடும். அந்தச் சிறு பொழுதுக்குள் கமகத்துக்கு இடமேது? மின்மாண்டலினில் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்ற, பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. தேயும் ஒலி நீண்டு நிற்கிறது. விரல் இழுக்க நேரம் கிடைக்கிறது. இரட்டைத் தந்திகளையும் அவர் ஒற்றையாக்கிக்கொண்டார். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் அந்தச் சிறுவன் வாசித்ததை ஜாஸ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். பிற்காலத்தில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் நடத்திய ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் அவர் இடம்பெற்றார்.

பம்பாயில் 1982-இல் இன்னொரு விந்தை நடந்தது. திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ஜப்பானிலிருந்து வந்த மூன்று ரோலண்டு கருவிகளை இணைத்து 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். அவற்றில் ஒன்றான டி.பி.-303, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லவல்லது. ராகத்துக்கு அது வேண்டும் என்று அவருடைய காது சொல்லியிருக்கிறது. இசைத்தட்டு விற்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து அதே கருவியை அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் முறுக்கி ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பாணியைத் தொடங்கியபோது உலகமே ஆடியது. சரண்ஜித்தின் தட்டு 2010-இல் மறுபதிப்பாகி, அவர் முதுமையில் மேடையேறினார், 2015-இல் காலமானார்.

சென்னைக்கு வருவோம். 1983-இல் ‘மிடி’ என்ற பொதுமொழி பிறந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேச உதவும் மொழி அது. இந்த மொழியில் ஒலி பயணம் செய்வதில்லை. ‘இந்த எண்ணுள்ள சுரத்தை இவ்வளவு அழுத்தமாக வாசி’ என்ற கட்டளைகள்தான் பயணம் செய்கின்றன. அக்கட்டளைகளை வரிசையாகச் சேமித்து நேரம் தவறாமல் அனுப்பும் கருவி ‘சீக்வென்சர்’. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா இந்த முறையைக் கையாண்டார். தமிழ்த் திரையிசையில் கணினியின் நுழைவு என்றால் அந்தப் படத்தையே பலரும் சொல்வார்கள். அக்காலத்தில் திலீப் என்ற இளைஞர் சென்னையில் கீபோர்டு வாசித்துவந்தார். சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ என்ற குழுவிலும் அவர் இருந்தார். 1989-இல் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, 1992-இல் ‘ரோஜா’ மூலம் ஏ. ஆர். ரகுமானாக வெளிப்பட்டவர் அவர்தான்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு பாட்டுக்கு இருபது வயலின்கள் அமர்ந்த கூடங்களில் ஒரு கீபோர்டு அமர்ந்தது. வடபழனி, கோடம்பாக்கம் பக்கத்தில் வாத்தியப் பெட்டியோடு காலையில் கிளம்பிய பலருக்கு அழைப்புகள் அருகின. கோயில் முரசு மோட்டாருக்குப் போன கதைதான். அளவு மட்டும் பெரிது. ஆனால் இயந்திரத்தை வைத்திருந்தவர்களே ஓரிடத்தில் கையைப் பிசைந்தார்கள், அது கமகம்.

மிடி மொழி பியானோக் கட்டைகளைப் பார்த்து எழுதப்பட்டது. 0 முதல் 127 வரை எண்ணிட்ட சுரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பள்ளம். வளைப்பதற்கென்று ஒரு சக்கரம் உண்டு. பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு சுரத்தானங்கள் வரை வளைக்கும். தோடியின் காந்தாரத்துக்கு மிகச் சரியாக அவ்வளவுதான் தேவை! ஆனால் ஒரே தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் அது சேர்த்தே வளைத்துவிடும். காந்தாரம் அசையும்போது கீழே பிடித்திருக்கும் ஷட்ஜமும் கூடவே ஆடினால் எப்படியிருக்கும்? சுருதிப் பெட்டியே தள்ளாடுவதுபோல் இருக்கும். அதனால்தான் தாளத்தையும் பின்னணி ஒலிகளையும் இயந்திரத்துக்குக் கொடுத்த இசையமைப்பாளர்களும், புல்லாங்குழலுக்கும் வீணைக்கும் நாகசுரத்துக்கும் ஆளைத் தேடிப் போனார்கள், இன்றும் போகிறார்கள். நியூ-ஜாஸ் குழுக்கள் ஊதுகருவிக்காரரை விடாமல் வைத்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து.

2018-இல் மிடி மொழிக்கு ஒரு திருத்தம் வந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைக்க அது வழிசெய்கிறது. மென்மையான பலகையில் விரலை வைத்து அசைத்தால், அந்த விரலின் சுரம் மட்டும் அசையும் கருவிகள் இப்போது விற்பனையில் உள்ளன. 1969-இல் அகமதாபாத்துப் பெட்டியில் மின்னழுத்தமாக இருந்த அதே வளைகோடு, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு சுற்றிக்கொண்டு, எண்களாகத் திரும்பி வந்திருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் மின்முரசு இருந்தால், அடுத்த திருவிழாவின்போது கவனித்துப் பாருங்கள். நாகசுரக்காரரும் தவில்காரரும் வந்து உட்கார்ந்ததும், அர்ச்சகர் அந்தச் சுவிட்சின் பக்கம் போகிறாரா என்று.