சின்னத்திரை வில்லன்: கொல்லிமலை முதல் கூடம் வரை

தொலைக்காட்சித் தொடரில் முதன்மைப் பாத்திரத்தின் வழியை மறித்து, அதன் மூலமே கதையை நகர்த்தும் பாத்திரம் சின்னத்திரை வில்லன், பெண்ணானால் வில்லி. சினிமா வில்லனுக்கு இரண்டரை மணி நேரம் போதும். தொடர் வில்லனோ ஆண்டுக்கணக்கில் முழுதாகத் தோற்கவும் கூடாது, முழுதாக ஜெயிக்கவும் கூடாது. அவனை எழுதும் தொழிலின் சிக்கல் முழுவதும் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

தமிழ்க் கதை மரபில் ஆபத்துக்கு ஒரு முகவரி உண்டென்றால் அது கொல்லிமலை. காண்பவரை மயக்கும் கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் குறிப்பிடுகின்றன. அது சிரித்தே பகைவரைக் கொல்லும் என்கிறது வழிவழியாக வரும் கதை. திரைப்படங்களும் மாந்திரீகத் தொடர்களும் அங்கிருந்து கடன் வாங்கியது 'கொல்லிமலை மந்திரவாதி'யை. மண்டை ஓடு, மை, சிவப்பு விளக்கு, பின்னணியில் உறுமல். கதாசிரியருக்குக் கதை முட்டிக்கொண்டால் மந்திரவாதி மலையிறங்கி வருவார். நிஜக் கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகிற மலை. மலையாளிப் பழங்குடி மக்களும் அறப்பளீஸ்வரர் கோயிலும் உள்ள அந்த ஊருக்கு இப்படியொரு பெயர் வாங்கிக் கொடுத்ததற்குத் திரைக்கதையாளர்கள் கொஞ்சம் வெட்கப்படலாம்.

அதே மலையில் எழுத்தாளருக்கு இன்னும் நல்ல பாடம் ஒன்று கிடக்கிறது. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரியும் அதே எழுவரில் ஒருவன். ஓரியின் பக்கமிருந்து சொன்னால் காரி வில்லன். காரியின் அவையில் பாடிய புலவருக்கு அப்படித் தோன்றியிருக்காது. தன் கணக்கில் தான் நியாயவான் என்று நம்புகிற எதிராளிதான் நீண்ட தொடருக்குத் தாங்குவான். மந்திரவாதி பத்து எபிசோடில் தீர்ந்துபோவார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன்பின் வந்த வாரத்தொடர்களின் காலத்தில் வில்லனை ஒளித்து வைப்பதே உத்தியாக இருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசை, 1990களின் பிற்பகுதியில், அடுத்த வாரம் வரை ஊரையே சந்தேகப்பட வைத்தது. அதன் 'விடாது கருப்பு' பகுதியில், காவல் தெய்வம் செய்வதாக ஊர் நம்பிய கொலைகளுக்கு மனிதக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. 1993இல் தொடங்கிய சன் டிவியும் பின்வந்த சேனல்களும் தினத்தொடரைப் பரப்பியதும் இந்த உத்தி செல்லாமல் போயிற்று. தினமும் பார்ப்பவரிடம் எத்தனை மாதம்தான் ஒளித்து விளையாடுவது? வில்லன் வெளிச்சத்துக்கு வந்து, குடும்ப உறுப்பினர் ஆனான். திருச்செல்வத்தின் 'கோலங்கள்' (2003–2009) 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியது. நாயகி அபியாக தேவயானி; அவளை எதிர்த்த ஆதித்யா அவள் தந்தையின் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை. உறவை வெட்டிக்கொண்டு ஓட முடியாது என்பதால் பகையும் ஓயாது.

தினத்தொடரில் கதை, திரைக்கதை, வசனம் எனத் தனித்தனிப் பெயர்கள் போடுவது வழக்கம். விளம்பரம் போக இருபது நிமிடம் சொச்சம். கடைசிக் காட்சியில் ஒரு கொக்கி. வியாழக்கிழமை தோறும் வரும் பார்வையாளர் கணக்கு சரிந்தால் வில்லனின் திட்டம் மாறும், சில சமயம் அவன் மனசும் மாறும். திடீரென்று திருந்திய வில்லிகளில் பலர் ரேட்டிங்கால் திருந்தியவர்கள்.

இந்த நெருக்கடிக்குள்ளும் கெட்டியாக நின்ற பாத்திரம், திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' தொடரில் (சன் டிவி, 2022–2024) வந்த ஆதிமுத்து குணசேகரன். மதுரைப் பக்கத்துப் பணக்காரக் குடும்பத்தின் மூத்தவர். படித்த பெண்களைத் தம்பிகளுக்குக் கட்டிவைத்து, அவர்களை அடுப்படியில் உட்கார வைப்பவர். அவருக்கு மாந்திரீகம் வேண்டாம், அடியாள்கூட எப்போதாவதுதான் வேண்டும். கூடத்து நாற்காலியில் வேட்டியும் சட்டையுமாக உட்கார்ந்து 'இந்தாம்மா ஏய்' என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு பெண்களின் கை வேலை அப்படியே நிற்கும். அந்தக் குரல் எத்தனையோ வீடுகளில் ஏற்கெனவே கேட்ட குரல். குடும்பத்தை உயர்த்தியது தானே, அதனால் எல்லாரும் தனக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதை எழுத்து கேலி செய்யாமல் முழுதாகப் பேச விட்டது. கேலியை மருமகள்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அவரை அசைக்கும் கருவியையும் வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள்: அப்பத்தா பட்டம்மாளின் (பாம்பே ஞானம்) பெயரிலிருந்த நாற்பது சதவீதப் பங்கு. கூடத்தில் அதிகாரம் செய்கிறவர் ஒரு கிழவியின் கையெழுத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லபிள்ளையாகும்போது, பயமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பார்வையாளர்கள் அவரை வெறுத்துக்கொண்டே மீம் போட்டது இதனால்தான். அந்தச் சிரிப்பு ஒரு ஆபத்தும்கூட: ரசிக்கப்படும் கொடுமைக்காரன் மெல்ல மெல்ல மன்னிக்கப்படுகிறான். இந்தத் தொடரும் சில வாரங்கள் அந்தப் பள்ளத்தில் விழுந்தது என்றே சொல்ல வேண்டும்.

குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து தேனி மாவட்டக்காரர்; 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களின் இயக்குநர். 2023 செப்டம்பர் 8 அன்று இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். கதையில் குணசேகரன் வீட்டைவிட்டுக் காணாமல் போனார். பிறகு 'குற்றப் பரம்பரை' நாவலாசிரியர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். வசனத்தின் மிடுக்கு அப்படியே இருந்தாலும் சிரிப்பு குறைந்து முரட்டுத்தனம் கூடியது. பழைய குணசேகரனையே தேடியவர்கள் பலர். தொடர் 2024 ஜூனில் முடிந்தது. அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய 'எதிர்நீச்சல் தொடர்கிறது' தொடரிலும் குணசேகரன் வேல ராமமூர்த்திதான்.