மூன்றாம் இடமும் எழுபதாம் இடமும்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எழுத்துப் பெட்டியின் அறையொன்றில் வேறெழுத்து விழுந்துகிடந்தால், அச்சுக் கோப்பவரின் கை பாராமலே அதை எடுத்து அடுக்கிவிடும். பிழை அவருடையதன்று, அறைமாற்றிப் போட்டவருடையது. உயிர்க்கலத்திலும் இதுவே நிலைமை என்பதை 1962இல் ஒரு பரிசோதனை காட்டியது.

மும்மூன்று எழுத்துகளாக வரும் மரபுச் செய்தியை அமினோ அமிலங்கள் தாமாக வாசிக்கமாட்டா, இடையில் ஓர் இணைப்பான் வேண்டும் என்று 1955இல் ஊகித்தவர் பிரான்சிஸ் கிரிக். ஹோக்லண்டும் சமெக்னிக்கும் கண்டறிந்த இடமாற்று ஆர்.என்.ஏ.யே அந்த இணைப்பான். அதன் ஒரு முனை செய்தியை வாசிக்கும். மறுமுனை அமினோ அமிலத்தைச் சுமக்கும். சுமை சரியானதுதானா என்று பார்ப்பவர் யார்?

சாப்வில், லிப்மன், பென்சர் முதலியோர், சிஸ்டீனைச் சுமந்த இடமாற்று ஆர்.என்.ஏ.யை எடுத்து, நிக்கல் கொண்டு அந்தச் சிஸ்டீனின் கந்தகத்தை நீக்கினார்கள். சுமை அலனினாக மாறியது, சுமப்பது மாறவில்லை. புரதம் கோக்கும் றைபோசோமோ எதையும் கவனியாமல், சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் அலனினைக் கோத்துவிட்டது!

ஆகவே பொறுப்பு முழுவதும், சுமையை ஏற்றிவிடும் நொதியங்களின் தலையில் விழுகிறது. ஆனால், ஏறத்தாழ ஒரே உருவமுடைய இடமாற்று ஆர்.என்.ஏ.க்களுள் தனக்குரியதை நொதியம் எவ்வாறு இனங்காண்கிறது? செய்தியை வாசிக்கும் முனையைப் பார்த்தே என்பது இயல்பான ஊகம். பல நொதியங்கள் அப்படித்தான் செய்கின்றன. அலனினுக்குரிய நொதியமோ அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அது தேடுவது மூன்றாம் இடத்துக் குவானினும் எழுபதாம் இடத்து யுராசிலும் சேர்ந்த, வழமைக்கு மாறான ஒரேயொரு சோடியை. 1988இல் யா-மிங் ஹௌவும் போல் ஷிம்மலும் அச்சோடியைச் சிஸ்டீனுக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏ.யில் புகுத்தியபோது, அது அலனினை ஏற்றுக்கொண்டது. 1962இல் நிக்கல் செய்த ஆள்மாறாட்டம் இம்முறை ஈரெழுத்தால் நடந்தது.

இனங்கண்டாலும் வேலை முடிவதில்லை. அலனினைவிட ஓர் ஒட்சிசன் அணு மட்டுமே கூடுதலாகவுள்ள செரினை நொதியம் சிலவேளை தவறாக ஏற்றிவிடும். பின்னர் தானே வெட்டியெறியும். வெட்டும் அந்தத் திறன் சற்றே குன்றிய எலிகளைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. நொதியத்தில் மாறியிருந்தது ஒரேயோர் அமினோ அமிலம். அவ்வெலிகளின் சிறுமூளையில் பிழையான புரதங்கள் குவிய, நரம்புக் கலங்கள் மடிந்தன. எலிகள் தள்ளாடி நடந்தன.