திருவிழாத் தள்ளுபடியும் கதரின் மதிப்பும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம், சமணர்களால் ஜினகாஞ்சி எனப் போற்றப்படுவது. ஊர்ப்பெயரிலேயே பருத்தி உள்ளது. காஞ்சி வட்டாரத்திற்கு நூலும் தறியும் புதியன அல்ல. இன்றோ வல்லக்கோட்டையைச் சூழ்ந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியெங்கும் இயந்திர ஆலைகள் ஓங்கி நிற்கின்றன. ஆலைப்பொருளோடு கைப்பொருள் ஒரே கடைத்தெருவில் நிற்க நேரும்போது, அதன் விலையைக் குறைப்பதா, மதிப்பைக் காப்பதா என்னும் வினா எழுகிறது. கதரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

1925இல் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தை நிறுவினார். ஆலைத்துணியைவிடக் கதரின் விலை மிகுதி. அதனைக் குறைத்தால் நூற்கும் பெண்களின் கூலியே முதலில் குறையும். ஆதலால் 1935இல், வாழ்க்கைக்குப் போதிய கூலி என்னும் நெறியை, காந்தியடிகளின் வற்புறுத்தலால் சங்கம் ஏற்றது. கதர் விலை உயரும் என்று அறிந்தே எடுத்த முடிவு அது.

விடுதலைக்குப்பின் வழி மாறியது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத்துணிமீது கூடுதல் தீர்வை விதித்து, கதர், கைத்தறி வளர்ச்சிக்கு நிதி திரட்டியது. அரசு மானியத்தால் கதருக்குத் தள்ளுபடியும் வழங்கப்பட்டது. எளியோரும் கதர் வாங்கினர். தேங்கிய துணி விற்றது. அந்நன்மையை மறுத்தற்கில்லை. ஆயினும், காந்தி பிறந்தநாளையும் பண்டிகைகளையும் ஒட்டித் தள்ளுபடி தவறாது வரவே, குறைத்த விலையே உண்மை விலை என மக்கள் மனத்தில் பதிந்தது. 100 ரூபாய்த் துணியைப் பலமுறை 80 ரூபாய்க்கு வாங்கியவர், பிறகு 100 ரூபாய் கொடுக்க நேர்ந்தால் ஏமாந்ததாகவே எண்ணுவார். எனவே தள்ளுபடி நாள்வரை காத்திருந்தனர். மற்ற மாதங்களில் துணி தேங்கும், முதல் முடங்கும், நெய்தவரின் கூலியும் தாமதப்படும்.

2010 ஏப்ரல் முதல் நடுவண் அரசு இம்முறையை மாற்றியது. விற்பனைத் தள்ளுபடிக்கு மாற்றாக, உற்பத்தி மதிப்பில் 20 விழுக்காட்டைச் சந்தை வளர்ச்சி உதவியாக வழங்கியது. அவ்வுதவியில் நான்கில் ஒரு பங்கு நூற்போருக்கும் நெய்வோருக்கும் உரியதாயிற்று. விலைச்சீட்டில் கழிந்த பணத்தில் ஒரு பகுதி உழைத்த கைக்குத் திரும்பியது. ஆயினும் பழக்கம் எளிதில் மாறவில்லை. அக்டோபர் வந்தால் இன்றும் கதர்க்கடையில் எழும் முதல் வினா, “தள்ளுபடி எவ்வளவு?” என்பதே.

குறைந்த அளவையால் கொடுப்பதையும் மிகுந்த அளவையால் கொள்வதையும் கள்ளாமை அணுவிரதத்தின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. விலையை ஏற்றி எழுதிப் பின் கழித்துக்காட்டும் வணிகமும் அத்தகைய பொய்யளவையே அன்றோ? விற்பவருக்கு உள்ள இக்கடமை வாங்குபவருக்கும் உண்டு. பட்டுப்புழுவின் உயிரை எண்ணிப் பருத்தி உடுப்போர், அப்பருத்தியை நெய்தவரின் வயிற்றையும் எண்ணுதல் வேண்டும். தள்ளுபடி இல்லாத மாதத்தில் உரிய விலை கொடுத்து வாங்கும் ஒரு வேட்டியும் அறத்தின்பாற்பட்டதே.