குடத்தில் வெட்டிய பெயர்



2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம். இயங்கலை வகுப்பு முடிந்த ஒரு மாலையில், பழம்பொருள் விற்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்குத் தட்டுகள், பாத்தேக் துணிகள், மிதித்துத் தைக்கும் தையல் இயந்திரங்கள் ஆகியவற்றின் நடுவே ஒரு பித்தளைக் குடம் கண்ணில் பட்டது. "பழைய இந்தியக் குடம். கழுத்தருகே சில கீறல்கள் உள்ளன. அதனால் விலை குறைவு" என்று விற்பவர் மலாயில் எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கினேன். அவை கீறல்கள் அல்ல. சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்ட தமிழ் எழுத்துகள். ஒரு பெண்ணின் பெயர், அதன் முன் தலைப்பெழுத்து, அதன் கீழ் 1951 என்ற ஆண்டு. சீர்வரிசைப் பாத்திரங்களில் மணப்பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுக்கும் வழக்கத்தை நம்மவர் அனைவரும் அறிவோம். விற்பவருக்கு அது எழுத்து என்றே தெரியவில்லை.

அந்தக் கீறல் என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவதும் விற்பதும் எப்போது தொடங்கியது, உரியவரின் அடையாளம் அதில் என்னவாகிறது என்று தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

அடையாளம் அழிக்கப்பட்ட காலம்

துணி விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், பிறர் உடுத்திய உடையை வாங்கி உடுத்துவது ஏழைகளுக்கு மட்டும் உரிய செயலாக இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் எளிய மக்கள் பலர் அவ்வாறே உடுத்தினர். எசமானி உடுத்திய உடை பணிப்பெண்ணுக்குப் போகும். அவள் அதை விற்பாள். அது சந்தைக்கு வரும். இலண்டன் கோட்டைக்கு அருகில் ரோஸ்மேரி லேன் என்ற தெருவில் கூடிய சந்தைக்கே 'கந்தல் சந்தை' என்று பெயர்.

அக்காலத்து வீடுகளில் வெளுக்கப்போகும் துணிகள் மாறிவிடாதிருக்க, உரியவரின் பெயரெழுத்துகளை நூலால் தைத்து வைப்பர். துணியைத் திருடியவர் செய்யும் முதல் வேலை அந்த நூலைப் பிரித்தெடுப்பதுதான். பெயர் இருந்தால் அது திருட்டுப் பொருள் என்பதற்குச் சான்று. பெயர் போய்விட்டால் அது வெறும் சரக்கு. ஆகவே, பழைய துணி வாணிகத்தில் உரியவரின் அடையாளம் ஆபத்தான ஒன்றாகவே கருதப்பட்டது.

இயந்திரங்கள் வந்த பிறகு

1813இல் இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து இழையாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மீண்டும் நெய்யும் முறையைக் கண்டறிந்தார். அத்துணிக்கு 'ஷோடி' என்று பெயர். தரங்கெட்ட எதையும் ஆங்கிலத்தில் இன்று அச்சொல்லால் குறிக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருள் இறங்கிய கதையிலேயே பழந்துணியின் மதிப்பு இறங்கிய கதையும் இருக்கிறது.

1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆயத்த ஆடைகள் பெருகின, புதுத்துணி மலிந்தது, பழந்துணி இல்லாதவர்க்குரியதாயிற்று. 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் 'குட்வில்' அமைப்பைத் தொடங்கி, வசதியுள்ளோரிடம் பழைய பொருள்களைத் திரட்டி, ஏழைகளைக் கொண்டே அவற்றைச் செப்பனிட்டு விற்கச் செய்தார். இவ்வாறு வாணிகத்தோடு அறமும் சேர்ந்தது. ஆனால், அறத்தோடு கூச்சமும் ஒட்டிக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாடுகளில் குவிந்த உடைகள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் கப்பலேறின. கானா நாட்டில் அவற்றுக்கு வழங்கும் பெயரின் பொருள் 'வெள்ளைக்காரன் இறந்துவிட்டான்' என்பதாம். இத்தனை நல்ல துணியை உயிரோடிருப்பவர் எவரேனும் தூக்கி எறிவாரா என்ற வியப்பு அப்பெயரில் தொனிக்கிறது. சாம்பியாவில் அதன் பெயர் 'சலாவுலா'. குவியலைக் கிளறிப் பொறுக்குதல் என்று பொருள். நம் நாட்டில் அதுவே பண்டல் கடை.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, பண்டல் கடையில் பத்து வெள்ளிக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கினேன். உள்ளே கழுத்துப் பட்டையில் சப்பானிய எழுத்தில் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். தோழியர் பார்த்துவிடக் கூடாதே என்று பட்டையை அன்றிரவே கத்தரித்தேன். இலண்டன் திருடன் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

சுங்கை ரோடு

பழம்பொருள் என்றால் நம் வட்டாரத்தில் பலருக்கு நினைவு வருவது சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தைதான். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். 1930களில் தோன்றிய அச்சந்தையைத் 'திருடர் சந்தை' என்றே அழைத்தனர். பிரிட்டிஷ் படை வெளியேறிய காலத்தில் படையினரின் உடைகளும் உபகரணங்களும் அங்கே விலைபோயின. பிற்காலத்தில் முதியோர் பலர் வாடகையின்றித் தரையில் விரிப்பிட்டுக் கைக்கடிகாரம், வானொலி, பழைய துணி ஆகியவற்றை விற்று வந்தனர். 2017 ஜூலை 10ஆம் நாள் அச்சந்தை மூடப்பட்டது.

அங்கே வாங்குபவர் பொருளைக் கையிலெடுத்துத் தட்டிப் பார்ப்பார். தூக்கி எடை பார்ப்பார். விற்பவரின் முகத்தையும் பார்ப்பார். பொருளை நம்புவதற்குக் கையும் கண்ணும் போதுமானவையாக இருந்தன.

கை தொடாத சந்தை

இணையத்தில் அந்தக் கைக்கு வேலையில்லை. 1995 செப்டம்பரில் பியேர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் 'ஈபே' ஆயிற்று. அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுகருவி, விலை 14.83 அமெரிக்க டாலர். முன்பின் அறியாதவரை எப்படி நம்புவது என்ற வினாவுக்கு விடையாக, 1996இல், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதும் முறை அங்கே வந்தது. அதுவரை பொருளைச் சோதித்தவர்கள், அதன் பின் விற்பவரைச் சோதித்தார்கள்.

2005இல் தோன்றிய 'எட்சி' தளம் 20 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை மட்டுமே 'விண்டேஜ்' என்று விற்க அனுமதிக்கிறது. திராட்சை அறுவடை ஆண்டைக் குறித்த சொல் அது; மதுவின் வயதுக்கு இருந்த பெருமை சட்டைக்கும் சட்டிக்கும் வந்துவிட்டது. என் கல்லூரிக் காலத்து உடைகளும் அத்தகுதியை அடைந்துவிட்டன என்று எண்ணும்போது சிரிப்பு வருகிறது! மலேசியாவில் 2007இல் 'முடா' தளமும், சிங்கப்பூரில் 2012இல் 'கரோசல்' செயலியும் வந்தன. படம் எடுத்துப் போட்டால் அடுத்த நொடியே கடை திறந்தாயிற்று.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. முன்பு விலையைக் குறைத்த அடையாளம் இப்போது விலையைக் கூட்டுகிறது. "பாட்டி காலத்துப் பொருள்" என்று எழுதினால் வாங்குவோர் கூடுகின்றனர். ஆனால், அது எந்தப் பாட்டி?

அந்தக் குடம்

நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியது 1994இல். ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிக்கொண்டிருந்த காலம். அடுக்குமாடி வீட்டில் குழாய் இருந்தது, குடத்துக்கு இடமில்லை. ரஜூலா கப்பலில் பாட்டியுடன் வந்த குடமும் அம்மாவின் சீர்க்குடமும் பழைய சாமான்காரரின் தராசில் ஏறின. முதல் நாள் இரவு அம்மா புளிபோட்டு அவற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எடைக்குப் போகும் குடத்துக்குப் புளி எதற்கு என்று கேட்டேன். "பேரு வெட்டியிருக்குல்ல, அழுக்கோட எப்படிக் கொடுக்கிறது?" என்றார்.

செயலியில் கண்டது எங்கள் குடமன்று, பெயர் வேறு. ஆயினும் விற்பவருக்கு எழுதினேன்: "ஐயா, அது கீறல் அன்று. 1951இல் மணமான ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம்." அவர் நன்றி கூறினார். மறுநாள் விளக்கத்தைத் திருத்தியிருந்தார். விலையையும் ஐம்பது வெள்ளி கூட்டியிருந்தார். வாங்கலாமா என்று நான் இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் 'விற்கப்பட்டது' என்றிருந்தது. பிறகு படமும் மறைந்தது. நான் அதைச் சேமித்து வைக்கவில்லை. பெயர் மட்டும் நினைவில் இருக்கிறது. அது அவர் குடும்பத்துக்குரியது என்பதால் இங்கே எழுதவில்லை.

பள்ளி மீண்டும் திறந்த பின், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பாத்திரங்களில் வெட்டிய பெயர்களைப் பார்த்து எழுதி, அவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டு வரவேண்டும். இருபத்து மூன்று மாணவருள் பதினான்கு பேர் பெயர்களோடு வந்தனர். அவர்களுள் ஐவருக்கு "யாருன்னு தெரியல டீச்சர், பாட்டியும் இல்லை" என்பதே விடையாக இருந்தது.

அன்பர்களே, பழையதை விற்பதில் தவறில்லை. குப்பைக்குப் போவதினும் அது மேல். விற்குமுன், இன்னார் இந்த ஊரில் இத்தனை ஆண்டு புழங்கியது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே போட்டு அனுப்புங்கள். வாங்குபவர் படிப்பாரோ மாட்டாரோ, நாம் எழுதிவிடுவோம்.