பட்டை கூடினா பாரம் கூடுமா?

போன தடவை ஊருக்குப் போனப்ப, பனவடலிசத்திரத்துல எங்க மாமா ஒரு கேள்வி கேட்டார். புளியங்குடி எலுமிச்சையைத் திருநெல்வேலிக்கு ஏத்திட்டுப் போற சின்ன லோடு வண்டி வச்சிருக்கார். "மருமவனே, பின்னாடி ரெண்டு பட்டை சேத்துப் போட்டா இன்னும் பத்து மூட்டை ஏத்தலாம்லா?" மூட்டைக்கு இவ்வளவுன்னு வாடகை, மாசம் பொறந்தா டியூ. அவர் கேட்டதுல நியாயம் இருக்கு.

இதுக்குப் பதில் சொல்ல 200 வருஷம் பின்னாடி போகணும்.

எங்க ஊர்ப் பேர்லயே சத்திரம் இருக்கு. மாட்டு வண்டி காலத்துல வழிப்போக்கர் தங்குற இடம். அந்தப் பார வண்டிகள்ல ஸ்பிரிங் கிடையாது. குழியில சக்கரம் இறங்கினா, அடி முழுசும் சரக்குக்கும் மாட்டோட கழுத்துக்கும்தான்.

1804ல லண்டன்ல ஒபதையா எலியட், வளைஞ்ச எஃகுப் பட்டைகளை அடுக்கி, குதிரை வண்டியை அச்சுக்கு மேல நேரடியா உட்கார வைக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே யோசனைதான் பின்னாடி லாரிக்கும் வந்துச்சு. எண்ணூர்ல 1948ல தொடங்கின அசோக் மோட்டார்ஸ் பின்னாடி அசோக் லேலண்ட் ஆச்சு. ஜாம்ஷெட்பூர்ல 1954ல டாடா-மெர்சிடிஸ் லாரி வந்துச்சு. 2005ல வந்த டாடா ஏஸ், 702 சிசி இன்ஜின்ல முக்கால் டன் சுமந்துச்சு. அதுலயும் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பட்டைதான்.

பட்டைக்கு ரெண்டு வேலை. ஒன்னு, பாரம் தாங்குறது. இன்னொன்னு, பட்டைகள் ஒன்னோட ஒன்னு உரசி ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்குறது. மீதி ஆட்டத்தை ஷாக் அப்சார்பர் பாத்துக்கும். உள்ள இருக்கிற ஆயிலைச் சின்ன ஓட்டை வழியா தள்ளி, ஆட்டத்தைச் சூடா மாத்திடும்.

இப்ப மாமா கணக்குக்கு வருவோம். ஒரே மாதிரி 5 பட்டை இருக்கிற செட்டுல ஒன்னு சேத்தா, விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். வண்டி பின்னாடி அமுங்காது. ஆனா பிரேக், டயர், அச்சு, சேஸிஸ் எல்லாம் பழசுதான். விறைப்பான பட்டை எகிறித் திரும்புறதை அடக்க பழைய ஷாக்குக்குத் தெம்பு பத்தாது. காலியா வரும்போது பின் சக்கரம் குதிக்கும், ரோட்டுப் பிடி போயிடும். வண்டி அமுங்குறதுதான் "இதுக்கு மேல வேண்டாம்"னு அது நமக்குச் சொல்ற சேதி. பட்டை சேத்தா அந்த வாயை அடைச்சிடுறோம், அவ்வளவுதான்.

சட்டமும் இதையே சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் திருத்தின சட்டத்துல, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

கடைசியில மாமா என்ன பண்ணார்? சோர்ந்துபோன பட்டையைக் கழட்டி, கம்பெனி அளவுலயே புது செட்டும் நாலு புது ஷாக்கும் போட்டார். பத்து மூட்டை ஆசை போச்சு. "வாடகைய யாரு மருமவனே கூட்டித் தருவா?"ன்னு கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பட்டை சேக்கச் சொல்லி வண்டிக்காரரைத் தள்ளுறது பேராசை இல்லைங்க, அந்தக் கேள்விதான்.